டொறத்தியின் பித்தளைத் தோட்டாக்கள்

என் மனைவி டொறத்திக்கு வயது ஐம்பத்தெட்டு. வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை. சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீராவியில் அவித்துக் கட்டி அனுப்புவாள். ஞாயிறு காலையில் பூசை, மத்தியானம் மீன்குழம்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் நீளப் பாவாடையும் அகலத் தொப்பியும் போட்டுக்கொண்டு, பழங்காலத்து இரட்டைக் குழல் துவக்கால் இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழுத்தப் போவாள். சிட்னிக்கு வெளியே அதற்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவர்கள் சுட்டதுபோல் சுட வேண்டும் என்பது அவர்கள் சட்டம். போட்டியில் பிளாஸ்டிக் தோட்டா கூடாது. பித்தளைத் தோட்டா, உள்ளே பழைய கருமருந்து, அதுவும் சொந்தக் கையால் அடைத்ததாக இருக்க வேண்டும்.

எனக்கு இது துண்டறப் பிடிக்காது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடி வந்த ஆட்கள் நாங்கள். இங்கே வந்து காசு கொடுத்துத் துவக்கு வாங்கினால் கோயிலில் சனம் என்ன கதைக்கும்? அவள் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் கோபத்தில் அவளிடமே கேட்டேன், "உனக்கென்ன விசரா?" என்று.

"துவக்கு எப்பவும் மற்றவன்ர கையில இருக்கத்தான் பார்த்தனான்," என்றாள். "ஒருக்கா என்ர கையில இருக்கட்டுமன். இரும்புத் தட்டுக்கு நோகாது."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. முணுமுணுப்பதை மட்டும் விடவில்லை. முப்பது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவனுக்கு வாய் சும்மா இருக்காது.

ஆனால் ஒன்று, அவள் தோட்டா அடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவிக் காயவைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப்பு பொருத்தி, கராஜ் மேசையில் வரிசையாக நிறுத்துவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி மருந்து. மேலே கெட்டி அட்டை, பிறகு ஒரு கரண்டி ஈயச் சன்னம், கடைசியில் மெல்லிய அட்டையை வைத்து விளிம்பைச் சுற்றிப் பசை. மருந்து போட்ட கையோடு டின்னை மூடி அலுமாரியில் வைத்துவிடுவாள். அந்த அலுமாரியில் இன்னொரு டின்னும் இருந்தது. அது புகையில்லாத புது மருந்து. பயிற்சிக்கு எடுக்கும் பிளாஸ்டிக் தோட்டாக்களுக்கு உரியது. இது எனக்கு அப்போது தெரியாது.

போன ஒக்டோபரில் கழகத்தின் வருடாந்தப் போட்டி. ஐந்து வருடத்தில் முதல்முறையாக டொறத்தி கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். அதற்கு முதல்நாள் பின்னேரம் இருபத்து நாலு கூடுகளுக்கும் மருந்து போட்டு, டின்னை உள்ளே வைத்து, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தும் முடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மன்னாரிலிருந்து அவளுடைய தங்கச்சி யோகராணி போன் எடுத்தாள். டொறத்தி வீட்டுக்குள் போக, நான் குறடு தேடிக் கராஜுக்குள் போனேன். என் முழங்கை பட்டு ஒரு கூடு சரிந்தது. மருந்தெல்லாம் மேசையில் கொட்டுப்பட்டது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பத்துச் செக்கன் வேலை. ஆனால் இத்தனை காலமும் ஏசியவன் நான், இப்போது அவள் ஏச நான் கேட்டுக்கொண்டு நிற்பதா என்ற கெப்பர். அலுமாரி திறந்திருந்தது. கைக்கு எட்டிய டின்னை எடுத்து, அவள் செய்வதுபோலவே ஒரு கரண்டி தட்டிப் போட்டேன். கறுப்பாகத்தான் இருந்தது. கொட்டினதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்து டீவிக்கு முன்னால் இருந்துகொண்டேன். அவள் திரும்பிப் போய் அட்டைகளை அழுத்தி வேலையை முடித்தாள்.

மறுநாள் போட்டித் திடலில் சேஷாத்ரி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பரமட்டாவில் கணினி வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர். கழகத்தில் சேரலாமா என்று பார்க்க வந்தவர். டொறத்தியின் தோட்டா ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தப் பவுடர் போட்டா என்னங்க மேடம்? எல்லாம் ஒண்ணுதானே?" என்று கேட்டார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ தம்பி. புது மருந்து இந்த அளவுக்குப் போட்டால் துவக்கு வெடிச்சு, கையையும் முகத்தையும் கொண்டு போயிடும். அதாலதான் நான் ரெண்டு டின்னையும் ஒண்டா வெளியில எடுக்கிறேல்லை."

இரண்டு டின். நான் எடுத்தது எது?

அப்போதே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனாள். இருபத்து நாலில் ஒன்றுதானே, நான் எடுத்தது சரியான டின்னாகவும் இருக்கலாம், போட்டி முடியட்டும் என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கும். அவள் இரண்டு தோட்டாக்களைப் போட்டுத் துவக்கை மூடும்வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

பிறகு கத்தினேன். "டொறத்தி, சுடாதை. நான் டின்னை மாத்திப் போட்டனான்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துவக்கைத் திறந்தாள், இரண்டு தோட்டாக்களையும் எடுத்து மேசையில் வைத்தாள், கையை உயர்த்தினாள். திடலே நின்றுபோனது. வெள்ளைத்தாடி வைத்த நடுவர் ஓடி வந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: மருந்து அலுமாரியைத் திறந்துவிட்டுப் போனது நான், பிழை என்னுடையது, போட்டியிலிருந்து விலகுகிறேன்.

எனக்குத் தாங்கவில்லை. குறுக்கே போய், என் பஸ்காரன் ஆங்கிலத்தில், மனுசியில் பிழையில்லை, கொட்டினதும் நான், மறைத்ததும் நான் என்று அங்கு நின்ற அத்தனை தொப்பிகளுக்கும் கேட்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் தோட்டாக்களைத் தர வந்தார். சொந்தத் தோட்டாதான் சட்டம் என்று டொறத்தி தலையாட்டி மறுத்துவிட்டாள். ஐந்து வருட உழைப்பு அதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கராஜில் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு தோட்டாவாகப் பசையைக் கீறி, சன்னத்தை எடுத்து, மருந்தை வெள்ளைத்தாளில் கொட்டினாள். பதினொன்றாவதில் வந்தது மற்றவைபோல் மணிமணியாக இல்லை. தட்டையாக, சாம்பல் ஓடிய சின்னச் சின்ன வில்லைகள். நான் அழுதுவிட்டேன். அவளுடைய விரல்களைப் பார்க்கப் பார்க்க அழுகை கூடியது.

"ஏசன்," என்றேன். "ஏசித் துலையன்."

"முப்பத்தொரு வருஷத்தில, நான் கண்டுபிடிக்க முதல் நீங்களாச் சொன்ன முதல் பிழை இது," என்றாள். "ஏசினால் இனி எனக்கு ஒண்டும் சொல்ல மாட்டீங்கள்."

"இனி எல்லாம் சொல்லுவன்."

"இனி வாறது கிடக்கட்டும். இவ்வளவு நாளும் சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கோ." பன்னிரண்டாவது தோட்டாவைக் கையில் எடுத்தாள். "எனக்கு இன்னும் பதின்மூண்டு உடைக்கக் கிடக்கு. நேரம் இருக்கு."

நான் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன். எதிலிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.