கிறிஸ்துமஸ் படத்துக்கு ஒரு துண்டு

எங்கள் குடும்பம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று முதன்முதலில் திட்டம் போட்டவள் அக்காதான். அதுவரை துவைத்ததைக் கட்டினோம், கிழிந்ததைத் தைத்தோம், அவ்வளவுதான். அவள் தஞ்சாவூருக்கு நர்ஸ் படிப்புக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருஷம், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பெட்டியில் பாதிக்கு மேல் துணி. அவளுக்கானது இல்லை, எங்களுக்கானது.

ஹாஸ்டலில் ஒவ்வொரு பெண்ணும் பெட்டி மூடியின் உள்பக்கம் குடும்பப் படம் ஒட்டி வைத்திருந்தார்களாம். இவளிடம் இல்லை. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "விவசாயம்" என்று சொல்லி வைத்திருந்தாள். பொய் என்று சொல்ல முடியாது. நிலம் யாருடையது என்று அவர்களும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பதிலுக்குத் தக்கபடி ஒரு படம் தேவைப்பட்டது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலுக்குச் சாமியார் பூசை வைக்க வருவார். அவருக்குப் பின்னாலேயே மன்னார்குடியிலிருந்து ஒரு போட்டோக்காரர் சைக்கிளில் வருவார். கோயில் சுவரில் ஒரு திரையைக் கட்டுவார். திரையில் மாடிப்படியும் ரோஜாச் செடியும் வரைந்திருக்கும். மாடிப்படி ஏறியே இராத எங்கள் தெரு மொத்தமும் அந்த மாடிப்படிக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். ஒரு குடும்பத்துக்கு ஒரு படம்தான். யார் கெஞ்சினாலும் இரண்டாவது கிடையாது.

அந்த ஒரு படத்துக்காக அக்கா மூன்று நாள் எங்களைப் படுத்தி எடுத்தாள். அம்மா நாற்று நடப் போகிறவள், சேலை எப்போதும் கெண்டைக்காலுக்கு மேலேதான் நிற்கும். அதைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டி வீட்டுக்குள் நடக்க வைத்தாள். அம்மா இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தாள். எனக்கு இரட்டைச் சடை, இரண்டு ரிப்பன். ஒன்று போதும் என்று அழுதேன். "படத்துல ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா நொண்டி மாதிரி இருக்கும், சும்மா இருடி" என்றாள். அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் போட ஒரு துண்டு. துண்டுக்கு இரண்டு விரல் அகலத்துக்கு அழுத்தமான கரை. அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் சிவப்புக் கொடிச் சங்கத்துக்காரர்.

"என்ன புள்ள, ஆளுங்கட்சிக்காரன் துண்டு மாதிரி இருக்கு?"

"வெள்ளச் சட்டையில வெள்ளத் துண்டு போட்டா படத்துல கரைஞ்சு போயிடும்ப்பா. கரை இருந்தாத்தான் துண்டுன்னே தெரியும். படத்துல எல்லாக் கரையும் கறுப்புதான்."

துண்டு தெரிய வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் மிராசுதார் எதிரே வந்தால், பண்ணையில் வேலை செய்கிற ஆம்பளைகள் தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்து வருவது. அந்த ஐப்பசியில் நடந்த சங்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து, "கூலி நெல்லக் கூட்டிக் கேக்குறது அப்புறம். முதல்ல இனிமே துண்ட எடுக்க மாட்டோம்னு சொல்லுங்க" என்று பேசியிருந்தார். எல்லோரும் கை தட்டினார்களாம். பேசியவர் முதலில் செய்து காட்ட வேண்டும். தோளில் துண்டோடு ஒரு படம் எடுத்து வீட்டு முகப்பில் மாட்டிவிட்டால் பேச்சுக்கு ஒரு சாட்சி ஆகிவிடும் என்று நினைத்தார். அக்காவுக்குப் பெட்டி மூடிக்குள் ஒரு பிரதி, அப்பாவுக்கு வாசல் சுவரில் ஒரு பிரதி. இரண்டுக்கும் அந்தத் துண்டு தோளில் இருந்தாக வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு மழை விட்டிருந்தது, சேறு விடவில்லை. துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, கோயில் அடிபம்பில் கால் கழுவி, பூசை கேட்டு, வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. அக்கா அப்பாவின் துண்டை மடிப்புக் கலையாமல் இடது தோளில் போட்டு, கரை முன்னால் தெரிகிற மாதிரி நீவிவிட்டு, ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். "அசையாதீங்க" என்றார்.

அப்போது ரோட்டில் மிராசுதாரின் கார் ஹாரன் கேட்டது.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வலது கை மட்டும் மேலே போய்த் துண்டை உருவியது. போட்டோக்காரர் அமுக்கிவிட்டார். கார் கோயிலைத் தாண்டிப் போனது. உள்ளே டிரைவர் மட்டும்தான் இருந்தார். அவரும் எங்கள் தெருக்காரர். யாரையோ ரயிலிலிருந்து கூட்டிவரப் போகிறாராம். எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒருத்தரும் அப்பாவைக் கிண்டல் பண்ணவில்லை. புளியமரத்தடியில் நின்ற ஆம்பளைகள் அத்தனை பேர் துண்டும் அக்குளில் இருந்தது. கூட்டத்தில் கை தட்டியவர்கள்தான். கார் போனதும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்கள்.

பொங்கல் கழித்துப் படம் வந்தது. அம்மா நேராக நிற்கிறாள், என் இரண்டு ரிப்பனும் தெரிகின்றன. அப்பாவின் கையில் துண்டு பாதி உருவிய நிலையில் தொங்குகிறது. கரை நன்றாகத் தெரிகிறது. லீவு போட்டுவிட்டு வந்திருந்த அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"காலிக் காருக்குப்பா! காலிக் காருக்கு எடுத்திருக்க!"

அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "காரு காலின்னு கைக்குத் தெரியுமா?" என்றார்.

அக்கா படத்தை எடுத்துப் போகவில்லை. அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்தாள். எனக்கு அன்றைக்கு அப்பாவை நினைத்து வெட்கமாக இருந்தது. அதை இப்போது எழுதும்போது என்னை நினைத்து வெட்கமாக இருக்கிறது.

அந்த அறுவடையில் தகராறு வந்தது. சங்கத்தார் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். வாய்க்கால் கரையில் போலீஸ் வேன் வந்து நின்றது. வயலுக்குப் போகும் பாதையில் குறுக்கே போய்ப் படுத்தவர்களில் அப்பாவும் ஒருவர். பதினைந்து நாள் உள்ளே வைத்து அனுப்பினார்கள். முழங்கை வீங்கி வந்தார். போலீஸ் வேனுக்கு நகராத மனுசன் ஹாரன் சத்தத்துக்குத் துண்டை எடுத்தது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. அவருக்கும் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தாள். அம்மாவுக்கு ரவிக்கைத் துணி, எனக்கு மறுபடியும் இரண்டு ரிப்பன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அவர் உடுப்பைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அவர் போன வருஷத்துச் சட்டையையும் வேட்டியையும் தானே துவைத்து நீலம் போட்டுக் காய வைத்திருந்தார். பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் அம்மாவிடம் வந்து நின்றார்.

"ஒரு ஊக்கு இருந்தாக் குடு."

அம்மா வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்கில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் துண்டைத் தோளில் போட்டு, கையை மடக்கிப் பார்த்தார், எட்டவில்லை. அக்கா ஊக்கை வாங்கி, சட்டைக்கு உள்பக்கமாகக் கையை விட்டு, வெளியே தெரியாமல் துண்டையும் சட்டையையும் சேர்த்துக் குத்தினாள். பிறகு அம்மாவிடம் இன்னொன்று வாங்கி முதுகுப் பக்கமும் குத்தினாள்.

அந்த வருஷம் கார் காலியாக வரவில்லை. சாமியாருக்குப் பழத்தட்டு கொடுக்க மிராசுதாரே வந்தார். நாங்கள் திரைக்கு முன்னால் நிற்கும்போது கார் வந்து கோயில் வாசலில் நின்றது. அவர் இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அப்பாவின் கை மேலே போனது. துண்டைப் பிடித்தது, இழுத்தது. துண்டு வரவில்லை. சட்டை மட்டும் தோளோடு ஏறியது. போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

புளியமரத்தடியில் இரண்டு பேர் துண்டை எடுத்திருந்தார்கள். மற்றவர்கள் அப்பாவைப் பார்த்தபடி எடுக்க மறந்து நின்றார்கள். மிராசுதார் டிரைவரிடம் ஏதோ சொன்னார். பழத்தட்டை டிரைவர்தான் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் படத்தை அக்கா ஹாஸ்டலுக்கு எடுத்துப் போனாள். இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, தோளில் துண்டை இறுகப் பிடித்து, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்பா எந்தக் கட்சியில் பெரிய ஆளாக இருந்தார் என்று கேட்கிறார்கள். அக்கா சிரித்துக்கொண்டே காபி போடப் போய்விடுவாள். ஊக்கு படத்தில் தெரியாது.

அந்த இரண்டாவது படம் வந்த வாரத்தில் அம்மா அப்பாவிடம் ஊக்கைத் திருப்பிக் கேட்டாள். அவர் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அதைக் குத்திக்கொண்டுதான் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் அப்பா. "கைக்கு இன்னும் தெரியல."