அவருக்காகத் தேடிய கூட்டம்

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. பாலர் பள்ளியிலிருந்து அவளைக் கூட்டிவரப் போன என் கணவர் குடித்துவிட்டுக் காரை ஓட்டி, தெருமுனை வீட்டு மதிலில் கொண்டுபோய் மோதினார். பிள்ளையின் நெற்றியில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லை எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. பிள்ளையை அவர் கையில் விட்டுவிட்டுத்தான் நான் போக வேண்டும். வேறு வழியே இல்லை. ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிக் குழாய்களை அடுக்கும்போதும் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

யாரிடம் போய் அழுவது? எழுபதுகளின் நடுவில், நாங்கள் குடியேறிய வெள்ளைக்கார ஊரான பிளாக்டவுன் பக்கம் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். ஒருவரிடம் வாய் திறந்தால் அடுத்த சனிக்கிழமை விருந்தில் அது கறியோடு சேர்த்துப் பரிமாறப்படும். அந்த விருந்துகளில் “இன்னும் ஒண்டு எடுங்கோ” என்று அவருக்கு ஊற்றிக் கொடுத்ததும் அதே ஆட்கள்தான்.

குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று இருப்பதாக ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி யாருக்கோ சொன்னது காதில் விழுந்திருந்தது. டெலிபோன் புத்தகத்தில் தேடி, வேலையிடத்திலிருந்தே கூப்பிட்டேன். எடுத்தவர், “குடிப்பது நீங்களா?” என்று கேட்டார். வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கோபம் என்ன சோறு போடுமா? மறுநாள் திரும்பவும் எடுத்து, இடத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பின்னேரம், பிள்ளையைப் பக்கத்து வீட்டு மால்டாக்காரியிடம் விட்டுவிட்டு, அவரைக் காரில் ஏற்றினேன். அன்று அவர் அதிகம் குடித்திருக்கவில்லை. “ஓம், ஓம், வாறன்” என்று சாதுவாக வந்தார். கூட்டம் நடக்கும் மண்டபம் ஒரு தேவாலயத்தின் பின்புறம் இருந்தது. கூரையில் சிலுவையைக் கண்டதும் மனிதர் காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார்.

“என்னைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்தப் பாக்கிறீரோ? நான் சைவன்.”

கோயில் வாசலைக் கண்டு எத்தனையோ வருடமான மனிதர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நல்ல சைவன்தான். பிள்ளையைக் கொண்டுபோய் மதிலிலை மோதேக்கை எங்கை போனது உங்கடை சைவம்?”

கைப்பையில் அம்மா அனுப்பிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. அள்ளி, அவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்துவிட்டேன். “இனி ஒருத்தரும் உங்களை மாத்தேலாது. போங்கோ. என்ரை பிள்ளைக்காகப் போங்கோ.” கெஞ்சினேனா, அதட்டினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நெற்றியில் பட்டையோடு அவர் படியேறி உள்ளே போனார். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். கடவுளே, இது போதும் என்று நினைத்தேன்.

தலையை நிமிர்த்தியபோது, மண்டபத்தின் பின்பக்கத்துச் சந்தால் அவர் நடந்துபோவது தெரிந்தது. ரயில் நிலையத்தடி மதுக்கடைக்குத்தான். முன் வாசலால் போய்ப் பின் வாசலால் வந்திருக்கிறார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துரத்திப்போகக் காலில் பலம் இல்லை. வாயில் மட்டும் இருந்தது. விறுவிறென்று மண்டபத்துக்குள் போய், அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டேன்: உங்களை நம்பித்தானே விட்டேன், ஒரு மனிதனைப் பிடித்து வைக்கத் தெரியாதா? என் ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. ஒருவரும் திருப்பிக் கத்தவில்லை. தடித்த கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் கதிரையை இழுத்துப் போட்டு, தேநீரைக் கையில் தந்தாள்.

“அவரைத் திரும்ப எப்படிக் கொண்டுவருவது?” என்று கேட்டேன்.

“உன்னால் முடியாது” என்றாள். குடிக்கிற தன் கணவருக்காக அவளும் அப்படி அலைந்து, இப்போது தன் ஆறுதலுக்காகவே அங்கே வருகிறவளாம். “நீ எப்படி இருக்கிறாய்?”

என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. மதிலில் மோதிய கதையை முதல் முறையாக, ‘அவ்வளவுதான்’ என்று முடிக்காமல் சொன்னேன். பிள்ளை செத்திருப்பாள் என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்கப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். வேலைக்குப் போகிற நிலையில் இல்லை. குசினிக்குள் வந்து, என் எதிரே உட்கார்ந்து, வீங்கிய என் கண்களைப் பார்த்தார்.

“கூட்டம் எப்பிடி? உமக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்ததோ?”

நான் பிள்ளையின் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினேன்.

“அடுத்த கிழமையும் போமன். பாவம், நீர் நல்லாய்க் களைச்சுப்போனீர்.”

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே எனக்காக இரங்கித்தான் சொன்னார். கலியாணமான புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது தலையைத் தடவிவிட்ட அதே குரல். கூட்டம் தேவைப்பட்டது தனக்கல்ல, எனக்குத்தான் என்று அவர் முழுதாக நம்பியிருந்தார். அந்த இரக்கத்தைக் கேட்டபோதுதான் இவர் ஒருநாளும் அங்கே போகப்போவதில்லை என்று எனக்கு விளங்கியது.

“ஓம், போறன்” என்றேன்.

அடுத்த வியாழன், பிள்ளையையும் எங்கள் இருவரின் உடுப்புகளையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனேன்.