ஒற்றை விரலில் தூக்கிய டிரெய்லர்

குடிக்காத ஒரு மனிதர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்று சொன்னேன். தவறு என்னுடையது என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற பொறியாளன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கணவனும் மனைவியும், வேனின் பின்னால் மாட்டி இழுத்துப்போக ஒரு டிபன் கடை டிரெய்லர் வேண்டும் என்று கேட்டார்கள். வரைந்து கொடுத்தேன். சக்கர அச்சை நீளத்தின் சரிபாதியில் வைத்தேன். அப்படி வைத்தால் முன்கொக்கியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டலாம். காட்டினேன். தெருவே கைதட்டியது.

உண்மையில் அச்சு சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியை அழுத்த வேண்டும். இல்லையென்றால் வேகம் எடுத்ததும் டிரெய்லரின் வால் ஆடும். இதெல்லாம் படித்தவன்தான் நான்.

முதல் நாளே நசரத்பேட்டை அருகில் டிரெய்லர் இடமும் வலமுமாக அலைந்து, ஒரு குண்டான் சாம்பார் நெடுஞ்சாலையில் கொட்டியது. யாருக்கும் அடியில்லை.

"இன்னா சார், வண்டி இப்டி ஆடுது?" என்றார் மனைவி.

பின்பக்கம் தண்ணீர் டிரம்மும் இருப்பதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. ஓட்டினவர் காலையிலேயே கொஞ்சம் போட்டிருப்பார்" என்றேன்.

கணவர் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. "ஊதறேன், மோந்து பாரு" என்றார். மனைவி வேன் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பத்து நாள் கடை தெருவிலேயே நின்றது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கணவர் வழக்கம்போல வணக்கம் வைத்தார். அதுதான் தாங்கவில்லை. போய் இருவரிடமும் உண்மையைச் சொன்னேன்.

"பட்சவரு சொல்றாரேன்னு இந்தாள நம்பாம பூட்டேனே" என்றார் மனைவி.

"வுடு, நம்ம மூஞ்சியும் அப்டித்தான கீது" என்றார் கணவர்.

வெல்டிங் பட்டறையில் கூடவே நின்று அச்சை ஓர் அடி பின்னுக்குத் தள்ளவைத்தேன். டிரம் முன்னால் வந்தது. மனைவி சாவியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன். கரையான்சாவடி தாண்டி வேகமெடுத்தும் வால் ஆடவில்லை. நசரத்பேட்டையில் குண்டானைத் திறந்தோம். மூடியில் மட்டும் கொஞ்சம் தெறித்திருந்தது.

"அது ரோட்டுப் பள்ளம் சார். என் மேல போட்றாதீங்க" என்றார் கணவர். மூவரும் ரோட்டோரம் நின்று சிரித்தோம்.

இப்போது கொக்கியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். யாரும் கைதட்டுவதில்லை. ஞாயிறுதோறும் அவர்கள் கடைக்குச் சாப்பிடப் போகிறேன். தட்டை நீட்டினால், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் கணவர் சொல்வார்: "மொதல்ல ஊதுங்க சார்."

ஊதுகிறேன். அதற்குப் பிறகுதான் இட்லி.