என் நாயின் குறட்டைக்கு லயம் சொன்ன தீர்ப்பு

குறட்டை விட்டதற்காக என் நாயைக் கொன்றுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இலங்கையில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். லயம் என்றால் எங்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டிலிருந்து மருந்து சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் கண்ணயரும் நேரம், என் நாய் குறட்டை விடத் தொடங்கியது. "ஒங்க வீட்டுக்காரரு போகும்போது கொறட்டைய மட்டும் விட்டுட்டுப் போயிட்டாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். என் வீட்டுக்காரர் இறந்து நாலு வருசமாகிறது. நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் விழித்திருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தது. சளி பிடித்திருக்கிறது என்று கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து ஊற்றினேன். மூக்கில் தைலம் தடவினேன். பாவம், அது தும்மித் தும்மி ஓய்ந்துபோனது. மூன்றாம் வாரம் வீட்டு முன் திண்ணையில், இஸ்தோப்பில், இரத்தச் சொட்டுகள் கிடந்தன. அதோடு லயத்தில் சிரிப்பு நின்றது. அக்கா தன் பேத்தியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலமே தோட்டத் தலைவர் நாலு பேரோடு வந்தார். எங்கள் லயத்தில் எந்த வழக்குக்கும் அவர்தான் தீர்ப்பு.

"இது வெறிநோய்தாம்மா. புள்ளைங்க இருக்கிற எடம். வர்ற ஞாயித்துக்கெழம நாங்களே பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொள்வது என்றால் ஒரு சாக்கும் கயிறும் என்று எனக்குத் தெரியும்.

"வெறிநோய்க்கு ஊசி போட்டிருக்குங்க. ஊசி போட்ட துண்டுச் சீட்டு இருக்கு, பாருங்க."

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ. "மூணு வீடு தள்ளி நீங்க விடுற கொறட்ட லயம் பூரா கேக்குது. நீங்க விட்டா களைப்பு, என் நாய் விட்டா வெறியா?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இருண்டது. ஞாயிற்றுக்கிழமை என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார். வெறிநோய்க்குப் பயப்படுவதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காமலே தீர்ப்புச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. "நாய்க்கு லீவா?" என்று கங்காணி கேட்டார். "ஆமாங்க, நாய்க்குத்தான்" என்றேன். பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். த்ரீவீல் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். வழியெல்லாம் அது என் சேலையில் இரத்தம் தும்மிக்கொண்டு வந்தது.

மிருக வைத்தியர் சிங்களவர். தமிழ் ஓரளவு பேசினார். நாய் தூங்கும்போது போனில் பிடித்து வைத்திருந்த குறட்டையைக் காட்டினேன். காதருகே வைத்து இரண்டு தரம் கேட்டார். எல்லாக் குறட்டையும் நோயில்லை என்றார். கொழுத்த நாய் விடும், சப்பை மூக்கு நாய் விடும், மல்லாந்து படுத்தாலும் வரும். ஆனால், இல்லாத குறட்டை புதிதாக வந்து கூடிக்கொண்டே போனால், விழித்திருக்கும்போதும் கேட்டால், ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்தால், மூச்சுக்குத் திணறினால், ஒரு நாளும் பொறுக்கக் கூடாது என்றார். பிறகு கேட்டார்.

"இந்த நாய் எங்க தண்ணி குடிக்குது?"

"என்கூட மலைக்கு வரும். அங்க ஓடையில குடிக்குங்க."

அவர் தலையாட்டினார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத நாயின் மூக்குக்குக் கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, குடிக்க விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். காத்திருந்தோம். வலது மூக்கிலிருந்து கறுப்பாக ஒரு நுனி தண்ணீரைத் தேடி எட்டிப் பார்த்தது. இடுக்கியால் பிடித்து, அவசரப்படாமல் இழுத்தார். என் விரல் நீளத்துக்கு ஒரு அட்டை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மழைக்காலத்தில் தினமும் பத்து அட்டையைக் காலிலிருந்து பிடுங்கிப் போடுகிறவள் நான். அட்டை ஏறாமல் காலில் பூசும் சவுக்காரத் துண்டு இடுப்பில் இல்லாமல் மலை ஏறியதில்லை. ஆனால் எங்களுக்கு அட்டை என்றால் காலில் ஏறுவது. ஓடைத் தண்ணீரோடு நூல் மாதிரி மூக்குக்குள் போய், உள்ளேயே இருந்து இரத்தம் குடித்துக் கொழுக்கும் அட்டையை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. அதன் மேலேதான் தைலம் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்த அறையிலேயே அழுதேன்.

அட்டையை ஒரு போத்தலில் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வந்தேன். லயத்தின் முதல் வீட்டிலிருந்து தொடங்கி ஒரு கதவு விடாமல் தட்டினேன். அக்கா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் வீட்டு வாசலில் போத்தலை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

போத்தலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "சரி சரி, நாய வச்சுக்கம்மா" என்றார்.

"வச்சுக்கவான்னு ஒங்ககிட்ட யாருங்க கேட்டா?" என்றேன். "இத எடுக்கத் தெரியாம, மூச்சு விட முடியாம கெடந்த உசுர எடுக்க வந்தீங்க. அதக் காட்டத்தான் வந்தேன்."