எங்கள் பக்கத்துக்கு எறிந்தவள்

2025 ஓகஸ்ட் 9, சனிக்கிழமை. பக்கத்து வீட்டார் சாக்கில் காயப்போட்டிருந்த சாதிக்காயின் மணம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, ஐந்தே காலுக்கு எழுந்து, தேத்தண்ணி குடித்து, முற்றம் கூட்டி, எட்டு மணிக்குள் உடுப்புத் துவைத்து, பத்து மணிக்குப் பருப்பை அடுப்பில் வைத்தேன். பத்து இருபதுக்கு நாவுலயிலிருந்து நஸ்ரீன் தொலைபேசியில் அழைத்தாள். இரத்தோட்டைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முதல் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

“தேவி, எங்கட மகள ஸ்கூல் பேஸ்போல் டீமுக்கு எடுத்தீக்கிறாங்க. நீ அந்தக் காலத்துல எழுதின கொப்பி இன்னும் ஈக்கிதா? டீம் புள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணுமாம்.”

“இருக்கு, அனுப்புறேன்” என்றேன். ஆனால் அந்தக் கொப்பியில் ஒரு பெரிய பிழை இருந்தது. முப்பத்திரண்டு வருடமாக அதை நான் அவளிடம் சொன்னதில்லை. பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பருப்பை இறக்கிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தேன். கொப்பி என்று நாங்கள் சொன்னாலும் அது கொப்பி அல்ல. என் அப்பா இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் “டைம்கீப்பர்” வேலை பார்த்தவர்; கழித்துப்போட்ட பழைய நேரப் படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசி நூலால் தைத்து எனக்குக் கொடுப்பார். பஸ் இலக்கம், வந்த நேரம், போன நேரம் என்று கட்டங்கள் போய், வலது ஓரத்தில் “பிந்தியதற்கான காரணம்” என்று ஒரு பத்தி இருக்கும். “எழுதுனா நிமிஷத்தோட எழுது, இல்லாட்டி எழுதாத” என்பார் அப்பா. நான் அப்படித்தான் எழுதப் பழகினேன். இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

1993இல் எங்களுக்கு வயது பதினான்கு. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு “எல்லே” அணி இருந்தது. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடும் ஆட்டம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அடிப்பவருக்குப் பந்து எறிகிறவர் எதிரணியைச் சேர்ந்தவர் அல்ல, அடிப்பவரின் சொந்த அணிக்காரர்; தன் ஆட்களுக்கு எந்த உயரத்தில் எந்த வேகத்தில் வந்தால் அடிக்க வாகாக இருக்குமோ அப்படி எறிந்து கொடுப்பதே அவருடைய வேலை. எங்கள் அணிக்கு எறிந்தவள் நஸ்ரீன். எனக்கு இடுப்புக்குச் சற்று மேலே, அணித்தலைவி ராணிக்குத் தோளுயரத்தில் என்று ஒவ்வொருத்திக்கும் உரிய பந்து அவள் கையில் இருந்தது. நான் அணியில் கடைசியாக அடிப்பவள். ஓட்டக் கணக்கு எழுதுகிறவளும் நானே.

அந்த வருடம் எங்கள் விளையாட்டு டீச்சர் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய், ஆறு கையுறைகளுடனும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்துடனும் வந்தார். கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தின் தொழில்முறை பேஸ்போல் அணியின் வரலாறு அது. “இதுவும் நம்ம எல்லே மாதிரித்தான். தேவி, நீ கொஞ்சம் கொஞ்சமா தமிழ்ல எழுதி இவங்களுக்கு வாசிச்சுக் காட்டு” என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தவர், அடுத்த வாரமே பிரசவ விடுமுறையில் போய்விட்டார். அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். கப்பலில் மூட்டை சுமந்தவர்கள் சேர்ந்து அந்த அணியைத் தொடங்கியது, மைதானம் எரிந்தது, தொடர்ந்து பல வருடங்கள் கடைசி இடத்தில் கிடந்தும் ஊர்ச்சனம் ஆட்டம் பார்க்க வந்துகொண்டே இருந்தது என்று ஒவ்வொன்றையும் இடைவேளையில் மாமரத்தடியில் வாசித்தேன். உளுந்து வடையைத் தின்றுகொண்டே கேட்டார்கள்.

ஜூலை 10, சனிக்கிழமை, மாத்தளையில் வலய ஆட்டம். ஆளுக்கு மூன்று பந்து என்ற கணக்கில், கடைசி மூன்று பேருக்கும் நஸ்ரீனின் கை சரிவரவில்லை. ஒருத்திக்குப் பந்து கணுக்காலுக்குப் போனது, இன்னொருத்திக்குத் தலைக்கு மேலே. மூன்றாவதாக நின்றவள் நான். மூன்று பந்திலும் தடி காற்றைத்தான் வெட்டியது. ஒரு ஓட்டத்தால் தோற்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் ராணி பின் ஆசனத்திலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“நஸ்ரீன், அடுத்த மேட்சுல நீ அவங்களுக்கு எறி புள்ள. நாம ஜெயிச்சுருவோம்.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், அதையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். நஸ்ரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்து, இனி விளையாட மாட்டேன் என்றாள். அவளைத் தவிர எங்களுக்கு எறிய ஆள் இல்லை. அதைவிட, என் பக்கத்தில் இருந்தவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

வியாழக்கிழமை நான் வாசித்த பக்கத்தில் அந்த அணியின் நீளக் கை எறிகாரர் ஒருவர் வந்தார். ஒரு ஆட்டத்தில் அவர் எறிந்த பந்தை ஒருவராலும் தொட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் சனம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம் வரை போனது. அவருடைய சட்டையைச் சுவரில் மாட்டி, அந்த இலக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்தார்கள். எறிகிறவர் தன் ஆட்களுக்குத்தான் எறிவார் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாத நான், ‘தன் அணியில் ஒருவரும் அடிக்க முடியாதபடி எறிந்தும், அந்த ஊர் அவரைத் தோளில் சுமந்தது’ என்று எழுதியிருந்தேன். மாமரத்தடியில் அதை அப்படியே வாசித்தேன்.

“என்னா மனசு அந்த ஊர்காரங்களுக்கு” என்றாள் ராணி. பிறகு வடையில் பாதியைப் பிய்த்து நஸ்ரீனிடம் நீட்டினாள். “இந்தா. நாளைக்குப் பந்த எடுத்துட்டு வா.”

நஸ்ரீன் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி, படங்களை வெகுநேரம் பார்த்தாள். மறுநாள் பந்தோடு வந்தாள்.

ஜூலை 21, புதன்கிழமை, அந்த நீளக் கை எறிகாரரின் ஆட்டத்துப் பெயர்ப் பட்டியலைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்த்தபோது, அடிக்க முடியாமல் போன அத்தனை பேரும் எதிரணியின் பெயருக்குக் கீழே இருந்தார்கள். இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். அந்த ஆட்டத்தில் எறிகிறவர் எதிரிக்கு எறிகிறார். அடிக்க முடியாமல் எறிவதுதான் அவருடைய வேலை. அந்த ஊர் எதையும் மன்னிக்கவில்லை. வெற்றியைக் கொண்டாடியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அப்பாவின் பிள்ளையான என்னால் பிழையை அப்படியே விடவும் முடியவில்லை, நஸ்ரீனிடம் சொல்லவும் முடியவில்லை. “பிந்தியதற்கான காரணம்” பத்தியில் பென்சிலால், பொடி எழுத்தில், ‘எறிந்தது எதிரணிக்கு’ என்று எழுதிக் கொப்பியை மூடினேன். அதற்குப் பிறகு வந்த முப்பத்தேழு பக்கங்களையும் தெரிந்துகொண்டே பிழையாக எழுதினேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்து எழுதிய பொய்க் குறிப்புகள் அவை மட்டுமே. சனிக்கிழமை நஸ்ரீன் எறிந்த முதல் பந்து என் இடுப்புக்குச் சற்று மேலே வந்தது. வலயத்தில் மூன்றாம் இடம் கிடைத்தது.

ஓகஸ்ட் 9, மாலை ஐந்து மணிக்கு நஸ்ரீனைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலைச் சொன்னேன், பென்சில் வரியைச் சொன்னேன், முப்பத்தேழு பக்கத்தைச் சொன்னேன். “வேணும்னா முழுசையும் திருத்தி எழுதி அனுப்புறேன்” என்றேன். மறுபக்கம் சிரிப்புக் கேட்டது.

“எனக்கு அன்டைக்கே தெரியும். படத்துல எறியிறவருக்கு ஒரு உடுப்பு, அடிக்கிறவருக்கு வேற உடுப்பு. கண்ணு ஈக்கிது தானே எனக்கு?”

“அப்ப ஏன் சொல்லல?”

“என்னத்தச் செல்ல? பஸ் ரெண்டு நிமிஷம் பிந்தினாலும் எழுதி வெக்கிற ஆள் நீ. நீயே இவ்வளவு பெரிய பிழை விட்டீக்கிறாய். அப்ப நான் ஒம்பது பந்து பிழையா எறிஞ்சது என்ன பெரிசு? அத நினைச்சுத்தான் வந்தேன்.” பிறகு சொன்னாள்: “ராணி பஸ்ஸுல சென்னதும் இப்ப சரியாப் போய்த்து. எங்கட மகள் அவங்களுக்குத்தான் எறியிறாள்.”

அப்பாவின் டைம்கீப்பர் கூண்டு இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி அட்டை விற்கிறார்கள். மாமரம் இல்லை, மைதானத்தில் பாதியை மாடிக் கட்டிடம் எடுத்துக்கொண்டது. பந்தை வாகாக எறிந்து கொடுப்பதற்கென்றே ஒருத்தியை அணியில் வைத்திருந்த எங்கள் எல்லே ஆட்டத்தையும் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆடுவதில்லை. என் பிழையை முப்பத்திரண்டு வருடம் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதை எனக்கு எதிராக ஒருநாளும் எடுக்காதவள் மட்டும் நாவுலயில் இருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஐந்தே காலுக்கு எழுந்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், நஸ்ரீனுக்கு அனுப்பவேண்டிய கொப்பியைத் திறந்து, பிழையைத் திருத்தாமல், அழிறப்பரை எடுத்து “பிந்தியதற்கான காரணம்” பத்தியிலிருந்த பென்சில் வரியை அழித்தேன்.