வேக வைத்த மண்

ஃபர்ஹானா மேடம் தவறிவிட்டார் என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். எதையும் ஒரே தடவை பார்த்து நம்பாதே என்று எங்கள் தாவரவியல் துறையையே பழக்கியவர் அவர்தான். மூன்று பேரும் ஒரே செய்தியைத்தான் சொன்னார்கள்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய சந்தேகம் தெரியும். திருமுக்கூடலிலிருந்து மண் எடுத்து வந்தால், "ஸ்பூன எந்தத் தண்ணில கழுவிக்கினு வந்தீங்க சார்?" என்பார். கேன்டீன் டீயைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்.

நெல் வயல் மண்ணில் வாழும் பாசிகளைப் பட்டியல் போடுவது எங்கள் இருவரின் வேலை. காய்ந்த மண்ணை ஒரு சிட்டிகை குடுவையில் போட்டு நனைத்து ஜன்னலோரம் வைத்தால் சில நாளில் பச்சை படரும். நுண்ணோக்கியில் பார்த்தால் மணி கோத்தது போல ஒன்று, நாடா போல ஒன்று என்று எத்தனையோ வகை. கூரம் வயல் மண்ணில் ஒருநாள், இந்தப் பக்கம் இருப்பதாக யாரும் எழுதாத ஒரு நீலப்பச்சைப் பாசி எனக்குக் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அதே மண்ண வேக வெச்சு இன்னொரு குடுவைல போடுங்க சார். அதுல ஒண்ணும் வரக்கூடாது" என்றார் மேடம். குக்கரில் வேக வைத்துப் போட்டேன். பதினைந்து நாளில் அதிலும் அதே பாசி! வெந்த மண்ணில் எப்படி வரும்? பொறாமையில் மேடம்தான் முதல் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து இதில் விட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், "யாரோ கை வெச்சிருக்காங்க" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "என்னயும் சந்தேகப்படுங்க சார், தப்பில்ல. தண்ணியயும் சேத்து சந்தேகப்படுங்க" என்றார்.

வயல் பாசிக்கு வயல் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும் என்று கூரம் கால்வாயில் கேன் கேனாகப் பிடித்து வந்து இரண்டு குடுவையிலும் ஊற்றியவன் நான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ரோஷம் விடவில்லை. அவரோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டேன்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், வெந்த மண்ணை இரண்டு குடுவையில் போட்டேன். ஒன்றில் கால்வாய்த் தண்ணீர். மற்றதில் அதே தண்ணீர், கொதிக்க வைத்து ஆறியது. முதல் குடுவை பச்சையாகிவிட்டது. இரண்டாவது வெறும் மண்ணாகவே கிடக்கிறது. பாசி தண்ணீரோடு வந்திருக்கிறது. கொண்டு வந்தவன் நான்.

நாளை அவருக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிறார்கள். மன்னிப்புக் கேட்க அவர் இல்லை. அவர் கணவரிடம் சொல்வேன், பிறகு அதே ஆசிரியர் அறையிலும் சொல்வேன். பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டேன். வெறும் மண் குடுவையை மட்டும் மேசையில் வைத்துக்கொள்கிறேன். இன்று காலையும் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்காவது ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தால் நான் தப்பித்துவிடலாமே என்று. ஒன்றும் இல்லை.