நாற்பத்து நான்காவது வரி

பேய் பிசாசுக் கதை சொல்கிறவர்களிடம் நான் நின்று கேட்பதில்லை. ஜின் இருக்கிறது என்று மார்க்கத்தில் உள்ளது, அதை மறுக்க நான் ஆளில்லை. ஆனால் பட்டப்பகலில், ஓர் இறால் பண்ணையின் கணினிக்குள் யாரோ வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள் என்று எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பேன். நீங்களும் எழும்பிப் போகலாம், எனக்குக் கோபம் வராது.

பாலாவிக்குக் கிட்ட, கடல்நீர் ஏறும் களப்போரத்துப் பண்ணை ஒன்றில் மோட்டர் பார்ப்பது என் வேலை. களப்புத் தண்ணீரைக் குளங்களுக்கு இறைக்க நான்கு மோட்டர். என் படிப்பு, தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டிய பிறகு, அகதி முகாமில் ஐந்தாம் ஆண்டோடு நின்றது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்து வாசிக்க நேரம் எடுக்கும்.

குழாய்க்குள் பாசி அடைத்தால் ஒருவன் உள்ளே ஊர்ந்து போய் விசிறியில் சுற்றியதை வெட்டி எடுக்க வேண்டும். போகிறவன் தன் சட்டையைக் கழற்றி அந்தந்த மோட்டர் கொட்டிலில் இருக்கும் சுவிட்சின் கைப்பிடியில் தொங்கவிடுவான். சட்டை தொங்கும்வரை சுவிட்சை யாரும் தொடுவதில்லை. வேறு காவல் எங்களுக்கு இருந்ததில்லை, தேவைப்படவும் இல்லை.

பிறகு முதலாளி அலுவலக அறையில் கணினிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். நான்கு மோட்டரையும் அதுதான் ஓட்டும், நிறுத்தும். கைப்பிடிகளுக்குப் போன வயரைக் கழற்றிவிட்டார்கள். கைப்பிடிகள் மட்டும் அப்படியே சுவரில் இருந்தன.

என் மனைவியின் தம்பி நௌபலும் அங்கேதான் வேலை. அவனுக்குக் காலில் திருக்கை முள் ஏறி எலுவன்குளத்தில் வீட்டோடு கிடந்தான். பெட்டி பூட்டியது அந்த மாதத்தில். அவன் திரும்பி வேலைக்கு வந்த காலையில் நான் கேட்டது, கால் எப்படி என்பது மட்டும்தான். ஓம், சுகம் என்றான். கைப்பிடி செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, வாயில் வரவில்லை. நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை.

அன்று கொழும்பிலிருந்து பெட்டிக்காரப் பொறியியலாளர் புதிய பைல் ஒன்று அனுப்பியிருந்தார். எங்கள் பண்ணையின் அளவுகள் எல்லாம் பழைய பைலில் இருக்கும், மாற்றங்கள் மட்டும் புதியதில் இருக்கும். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கும். ஒரே விஷயம் இரண்டிலும் இருந்தால் புதியது சொல்வதுதான் நிற்கும். அந்த வரியை அட்டைப்பெட்டித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடிப்பேன். அதுவரை மோட்டர்கள் நின்றிருக்கும், சேர்த்து முடிந்ததும் பெட்டி அதைப் படித்து மோட்டர்களைத் தானே ஓடவிடும்.

அடித்தேன். பன்னிரண்டு மணி எட்டு நிமிடம், பெட்டியில் பதிவு இருக்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு ஓடின. மூன்று ஓடவில்லை.

பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். பைலைத் திறந்து வரிகளை எண்ணச் சொன்னார். நாற்பத்து நான்கு என்றேன்.

“நாப்பத்து மூணுதான் வரணும் நானா. வடிவா எண்ணுங்க.”

“மூணு தரம் எண்ணிட்டன் சேர். நாலு இரிக்கி.”

கடைசி வரியை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் மோட்டர் நாற்பத்தேழு நிமிடம் பொறுக்கட்டும் என்று அதற்கு அர்த்தமாம். அவர் எழுதவில்லை என்றார். பழைய பைலைத் திறந்து பார்த்தோம், இல்லை. புதியதையும் திறந்தோம், இல்லை. திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். பிறகு அந்த வரியை அழித்துவிடச் சொன்னார், தண்ணீர் ஏறாவிட்டால் வெயிலுக்கு மூன்றாம் குளத்து இறால் மூச்சுத் திணறி மேலே வந்துவிடும் என்றார்.

அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தேன்.

“ஒருக்கா மோட்டர பாத்துட்டு வாறன் சேர்.”

“மோட்டர்ல ஒண்ணுமில்ல நானா. எழுத்துலதான் பிழை. அழிங்க, தானா ஓடும்.”

“பாத்துட்டு வந்து அழிக்கிறன்.”

இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம். நின்றுபோன மோட்டரைப் போய்ப் பார்க்காமல் ஓடவிட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். வரம்பு வழியே நடந்தேன், ஓடவில்லை.

மூன்றாம் கொட்டிலில் கைப்பிடியில் நீலச் சட்டை தொங்கியது.

குழாய் வாயில் இரண்டு உள்ளங்கால் தெரிந்தது. ஒன்றில் திருக்கை முள் தழும்பு. கம்பியால் குழாயில் அடித்தேன். பின்பக்கமாக ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தான், முகமெல்லாம் பாசி.

“என்ன மச்சான், அரை மணித்தியால வேல இன்னும் கிடக்கு. சட்ட தொங்குறது கண்ணுக்குத் தெரியல்லியா?”

“அந்தச் சுவிட்ச் வேல செய்யாது. மோட்டர் இப்ப பெட்டியில ஓடுது.”

அவன் சட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மேலே ஏறி வா என்றேன். ஏறி, சாரத்தைப் பிழிந்துகொண்டு நின்றபோது மூன்றாம் மோட்டர் தானாக ஓடியது. குழாய் வாயில் தண்ணீர் சுழித்து இழுத்தது, மிதந்த பாசியெல்லாம் உள்ளே போனது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உம்மாவிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் சொன்னான்.

பின்னேரம் அந்த வரியை நானே அழித்தேன். அடுத்த வாரம் பொறியியலாளர் நேரில் வந்தார். அதே இரண்டு பைலையும் பத்துத் தரமாவது சேர்த்துப் பார்த்தார். நாற்பத்து மூன்றுதான் வந்தது. கொடுத்ததைத்தான் அது சேர்க்கும், தானாக ஒன்றும் எழுதாது என்றார். நீங்களா எழுதினீர்கள், கோபிக்கமாட்டேன் என்று மெதுவாகக் கேட்டார். அப்படி எழுத எனக்குத் தெரியாது சேர் என்றேன். அவருடைய போனில் நான் அனுப்பிய படம் இருந்தது. அதில் நாற்பத்து நான்கு. போகுமுன் நான்கு கைப்பிடிகளையும் சுவரிலிருந்து கழற்றினோம்.

வரி எப்படி வந்தது என்பதை நான் விட்டுவிட்டேன். அல்லாஹ் அறிவான். என்னை உறுத்துவது அந்தக் கணக்கு. எங்கள் பைலில் பொறுக்கும் நேரம் எல்லாம் பத்து, முப்பது, அறுபது என்றுதான் இருக்கும். நாற்பத்தேழு எங்கும் இல்லை. அன்றைக்கு நான் போனில் நின்றது முப்பத்தொரு நிமிடம். எண்ணியதையே திரும்ப எண்ணினேன், ஒரு வரியைத் தடவித் தடவி வாசித்தேன், சேரோடு வாதாடினேன். பிறகு நடந்துதான் போனேன். இன்னொருவன் என்றால் கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். மோட்டரை நிறுத்தி வைத்தது யாராக இருந்தாலும், நான் எவ்வளவு மெதுவான ஆள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.